சம்சாரிகிட்டக் கேளுங்க

பாடம் எடுக்கிற மிஸ் அந்த அத்தியாயத்துக்கு வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். சளியும் இல்லை, வேர்வையும் இல்லை. துடைத்தால் கொஞ்ச நேரம் போகுமே, அதற்குத்தான். பிறகு புத்தகத்தில் இருந்த பக்கங்களை ஒரே பிடியாகப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினார்.

"இதெல்லாம் நீங்களே படிச்சா புரியும். பரீட்சைக்கும் பெருசா வராது. அடுத்த பாடம், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுறது."

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பேர்.

"மிஸ், குழந்தை எப்படிக் குளிக்கும்னு சொல்றீங்க. எப்படி வரும்னு சொல்லலையே?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ்ஸுக்கு முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். நாற்பது பெண்களையும் ஒரு முறை பார்த்தார். தப்பிக்க வழி கிடைத்த மாதிரி ஜன்னலோரம் கண்ணை நிறுத்தினார்.

"சந்தேகம் இருந்தா அதோ உக்காந்திருக்காளே, கல்யாணமானவ, அவகிட்டக் கேளுங்க. உங்க எல்லாருக்கும் மூத்தவ. சம்சாரி. அவளுக்குத் தெரியாததா?"

அன்றைக்கு விழுந்த பேர்தான் சம்சாரி. அது வரைக்கும் அவளுக்கு அந்த நர்சிங் பள்ளிக்கூடத்தில் பேரே கிடையாது. மற்றவர்கள் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்த பெண்கள். இவள் கல்யாணம் கட்டி, வாழப் போய், குழந்தை இல்லை என்று புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டு, அண்ணன் வீட்டில் பாத்திரம் கழுவி, அதற்கப்புறம் வந்தவள். "படிச்சிக்கிட்டா சொந்தக் கால்ல நிக்கலாம்" என்று அண்ணிதான் மனுப் போட்டாள். சொந்தக் கால் எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும், என் வீட்டில் நிற்கவேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அது இவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் கிளம்பினாள்.

விடுதிக்கு வந்த புதிதில் இவள் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் தட்டு வராது. யாரும் விரட்டவில்லை. அவர்கள் பேசுகிற பேச்சு இவளைப் பார்த்ததும் தொண்டையில் நின்றுவிடும், அவ்வளவுதான். அக்கா என்பார்கள், உப்பை நகர்த்துங்க என்பார்கள், எழுந்து போவார்கள். இவள் தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டு கடைசியாக எழுந்திருப்பாள். நாள் முழுக்கச் சுமை தூக்கியவனுக்கு ராத்திரி வெறும் தோள் வலிக்கும் பாருங்கள், அந்த மாதிரி ஒரு வலி அவளுக்கு. எங்கே என்று தொட்டுக் காட்ட முடியாது.

மிஸ் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே கட்டில் பக்கம் ஆள் வந்தது. முதலில் வாயாடி. அவள் முதுகுக்குப் பின்னால் நாலு பேர்.

"சம்சாரியம்மா, தரிசனம் கிடைக்குமா?"

"என்னடி?"

"மிஸ் உங்ககிட்டக் கேக்கச் சொல்லிட்டாங்க. இனிமே நீங்கதான் எங்க புத்தகம்."

சிரிப்பு. கட்டிலில் இடம் போதாமல் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்தாள். யாரோ இவள் தோளில் கையைப் போட்டார்கள். அந்தக் கை அப்படியே இருந்தது, எடுக்கப்படவில்லை. ஒரு மனுஷக் கை தோளில் பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தாள். அவர்கள் கேட்டதற்கு வாயில் வந்ததைச் சொன்னாள்.

வாயில் வந்தது எங்கேயிருந்து வந்தது என்கிறீர்கள்? மாமியார் வீட்டு அடுப்படியிலிருந்து. வாழ்ந்த காலத்தில் புருஷன் அவளிடம் பேசினதெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் எழுதலாம். விளக்கை அணைப்பான், விடிந்தால் போய்விடுவான். எதற்கு, என்ன, ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. நாத்தனாரும் ஓரகத்தியும் வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுவார்கள். அது காதில் விழும். அதைத்தான் இப்போது எடுத்துக் கொடுத்தாள். மாதவிடாயின்போது சுருண்டு படுத்துவிடுகிற ஒல்லி என்ற பெண்ணுக்கு, "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுகிற மாத்திரை பற்றிக் கேட்டபோது, "அதைத் தின்னா அப்புறம் வேணும்னாலும் தங்காது" என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது உண்மை மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெண்களை உள்ளே வைத்துப் பரிசோதிக்கும்போது கல்யாணமாகாத மாணவிகள் திரைக்கு வெளியே தட்டை ஏந்திக்கொண்டு நிற்கவேண்டும். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. வார்டு சிஸ்டர் கையை நீட்டித் தடுத்துவிடுவார். "நீங்க நில்லுங்க. சம்சாரி, நீ உள்ள வா."

உள்ளே போய் அவள் பார்த்தது டாக்டரம்மாவின் முதுகை. கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "இறக்கு", "ஏத்து", "அங்க இல்ல, இங்க" என்பதற்கெல்லாம் ஆட்டிக்கொண்டு நிற்பாள். படுத்திருக்கும் பெண்ணின் விரல்கள் கட்டில் கம்பியைப் பிடித்து வெளுத்துப்போவது மட்டும் நன்றாகத் தெரியும். வெளியே வந்தால் பத்து ஜோடிக் கண்கள் காத்திருக்கும்.

"என்ன பார்த்தீங்க? என்ன பண்ணாங்க?"

"அதெல்லாம் உங்களுக்கு வேளை வரும்போது தெரியும்" என்பாள் இவள், பெரிய மனுஷி போல. அவர்களுக்கு அது போதும். மரியாதை இன்னும் ஒரு சாண் ஏறும்.

பிரசவ வார்டில் வேலை போட்டிருந்த சமயம். அங்கே ஒரு தையல்காரி இருந்தாள். பெரிய துணிக் கம்பெனியில் மெஷின் மிதிக்கிறவள். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. வலியோடு வலியாக வார்டையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஊருக்கெல்லாம் தைச்சுக் குடுத்தேன். கடைசியில என்னையே தைச்சுட்டாங்க. தையல் நேரா இருக்கான்னு பாருங்க சிஸ்டர், கோணலா இருந்தா கூலி குடுக்கமாட்டேன்."

வீட்டுக்குப் போகிற அன்று டாக்டரம்மா கட்டிலடியில் நின்று, "ரெண்டு வருஷத்துக்கு அடுத்தது கூடாது. உள்தையல் ஆறணும். புரியுதா?" என்றார். தையல்காரி தலையை ஆட்டினாள். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். கூடாது என்று சொன்னாரே தவிர எப்படிக் கூடாது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. வார்டு சிஸ்டருக்கும் கை நிறைய வேலை. "சம்சாரி, அந்தப் பொண்ணுக்கு மிச்சத்தைச் சொல்லி அனுப்பு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

தையல்காரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "சிஸ்டர், உங்களைத்தான் கேக்கணும். இதுங்கல்லாம் சின்னப் பொண்ணுங்க, வாயைத் திறக்கவே கூச்சமா இருக்கு. பால் குடுக்கிற வரைக்கும் தங்காதுன்னு எங்க நாத்தனார் சொல்றா. நெசமா?"

வாயாடியும் ஒல்லியும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். விரிப்பு பாதியில் நின்றது. காது எல்லாம் இந்தப் பக்கம்.

தெரியாது என்று ஒரு வார்த்தை. சம்சாரியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாலு பேர் பார்க்கிறார்கள். சாயங்காலம் அந்த நாலு பேரும் கட்டிலுக்கு வருவார்கள். இல்லாவிட்டால் வராமலும் போவார்கள். அடுப்படியில் ஓரகத்தி இதையேதான் சொன்னாள், எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே.

"ஆமாம்மா. பால் குடுக்கிற வரைக்கும் பயமே வேண்டாம்."

"அப்பாடா. எங்க வீட்டுக்காரர்கிட்ட இதை எப்படிப் பேசுறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். இனிமே பேசவே வேண்டாம் பாருங்க." தையல்காரி இவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "அனுபவப்பட்டவங்க சொன்னா ஒரு தைரியம்தான்."

அதோடு அது மறந்துபோயிற்று. நல்ல நாட்கள் அவை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கப் போனால் பக்கத்துக் கல்லில் ஆள் இருக்கும். கடைக்குப் போகும்போது, "சம்சாரி வரலையா?" என்று வாசலில் நிற்பார்கள். அண்ணி வீட்டிலிருந்து மாதக்கணக்கில் போன் வரவில்லை. அது கூட அவளுக்கு உறைக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. இப்போது கர்ப்பிணிகள் வரும் வெளிநோயாளிப் பகுதியில் வேலை. ஈரக் குடைகளும் பெஞ்சும் வரிசையுமாக இடம் மூச்சு முட்டியது. சிறுநீர்ப் பரிசோதனை மேஜை சம்சாரியுடையது. கோப்பையை வாங்கி, பட்டையில் சொட்டு விட்டு, கோடு ஒன்றா இரண்டா என்று பார்த்துச் சொல்லவேண்டும். வாயாடியும் ஒல்லியும் பக்கத்தில் எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சிஸ்டர்! ஞாபகம் இருக்கா? கோணல் தையல்!"

தையல்காரி. இடுப்பில் பிள்ளை, கொழுகொழுவென்று, கழுத்து நின்ற பிள்ளை. கண்ட மாத்திரத்தில் சம்சாரிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இங்க எதுக்கு வந்தீங்க? குழந்தைகள் பகுதி அந்தப் பக்கம்."

"எனக்குத்தான். ரெண்டு வாரமா எதைத் தின்னாலும் குமட்டுது. மெஷின்ல உக்கார முடியல, தலை சுத்துது. மாமியார், மறுபடியும் உண்டாயிருக்கியான்னு கேக்கிறாங்க. ஆஸ்பத்திரியில படிச்ச சிஸ்டர் சொல்லியிருக்காங்க, பால் குடுக்கிறவளுக்கு அதெல்லாம் வராதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். வயித்துல ஏதோ புண்ணுன்னு நினைக்கிறேன். டாக்டர் எதுக்கும் இதைப் பார்த்துட்டு வரச் சொன்னாங்க." கோப்பையை நீட்டினாள்.

சம்சாரி சொட்டை விட்டாள். ஒரு கோடு வந்தது. அவள் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நிதானமாக, சுவரில் ஈரம் ஏறுகிற மாதிரி, இரண்டாவது கோடும் ஏறி வந்தது.

இன்னொரு பட்டையை எடுத்தாள். அதிலும் அதே.

"என்ன சிஸ்டர், ஒண்ணும் இல்லல்ல?"

"இருக்கு" என்றாள் சம்சாரி. குரல் அவளுடையது மாதிரி இல்லை. "உண்டாயிருக்கீங்க."

தையல்காரி சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்த சிரிப்பு. இவள் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே வாயில் நின்றது. பிள்ளை அவள் முடியைப் பிடித்து இழுத்தது. அதை விலக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"இப்பவும் குடுக்கிறேனே. கம்பெனிக்குப் போறப்போ புட்டிப் பால், வந்ததும் நான்தான் குடுக்கிறேன். மாசாமாசம் தலைக்கு ஊத்துறதுகூட இன்னும் ஆரம்பிக்கலையே." பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்காமல், "அப்போ என் உடம்புலதான் ஏதோ கோளாறு. எல்லாருக்கும் நடக்கிறது எனக்கு நடக்கல. இல்லையா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி இல்லாமல் இருந்திருந்தால் சம்சாரி என்ன செய்திருப்பாளோ, சொல்ல முடியாது. டாக்டரைப் பாருங்கள் என்று கையைக் காட்டியிருக்கலாம். அந்தப் பெண்ணே தப்பிக்க வழியைத் திறந்து வைத்துவிட்டாள். ஆமாம், சிலருக்கு உடம்பு அப்படி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இந்தப் பக்கம் வாயாடி நிற்கிறாள், ஒல்லி நிற்கிறாள். ஒன்றும் கெடாது.

ஆனால் அதே வார்த்தையை இவளிடமும் சொல்லியிருக்கிறார்கள். உன் உடம்பில்தான் கோளாறு. மாமியார் வீட்டு வாசலில், பெட்டியைக் கையில் கொடுத்து. எந்த டாக்டரும் பார்க்கவில்லை, எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை, புருஷனையும் யாரும் பார்க்கவில்லை. சொன்னார்கள், இவள் நம்பினாள். இன்னும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறாள். குளிக்கும்போது தன் வயிற்றைத் தானே பார்க்கமாட்டாள்.

"உங்க உடம்புல ஒரு கோளாறும் இல்ல" என்றாள். பக்கத்தில் எடை பார்க்கும் கருவியில் சத்தம் நின்றது. "நான் சொன்னதுதான் தப்பு. எனக்குத் தெரியாது. தெரியாமலே சொன்னேன்."

"என்ன சிஸ்டர் சொல்றீங்க?"

"எங்களுக்கு அந்தப் பாடத்தை எடுக்கவே இல்ல. எனக்குக் கல்யாணம் ஆனது மட்டும்தான். வேற ஒண்ணும் தெரியாது."

தையல்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தாள் சம்சாரி. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் வேற யாரையாவது கேட்டிருப்பேனேம்மா" என்றாள் தையல்காரி.

அவ்வளவுதான் சொன்னாள். சிஸ்டர் என்பது அம்மா ஆகிவிட்டது.

சம்சாரி அவளை வரிசையைத் தாண்டி நேராக டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீ கல்யாணமானவதானே? இது கூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியாது டாக்டர். சொல்லிக் குடுங்க."

வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டரம்மா கதவைப் பார்த்தார், பிறகு இரண்டு பேரையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பேசினார். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரைக்கும்தான் அந்தக் கணக்கு. அதுவும் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுக்கவேண்டும், தண்ணீர், புட்டி எதுவும் கூடாது. மாதவிடாய் திரும்பி வந்திருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அதை நம்பக்கூடாது. முதல் மாதவிடாய் வருவதற்கு முன்னாலேயே கரு உருவாகலாம், அதனால் இன்னும் வரவில்லையே என்று இருக்கக்கூடாது. பால் கொடுக்கிறவர்கள் போட்டுக்கொள்ளக்கூடிய மாத்திரை, ஊசி, காப்பர்டி எல்லாம் இருக்கிறது, இங்கேயே இருக்கிறது. சொல்லி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"இதை வேணும்னு வச்சுக்கலாம், வேண்டாம்னாலும் வழி இருக்கு" என்றார் தையல்காரியிடம். "பழைய தையல் இன்னும் முழுசா ஆறல, அதனால எப்படி இருந்தாலும் நான் கவனிக்கணும். யோசிச்சுட்டு சீக்கிரம் வா. முடிவு உன்னோடது."

"யோசிக்கிறதுக்கு எனக்கு எங்க டாக்டர் நேரம்?" என்றாள் தையல்காரி. பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். போகும்போது சம்சாரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. குடையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டாள். சம்சாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாள், விரித்தாள், நடந்தாள்.

சாயங்காலம் கட்டில் பக்கம் எல்லாரும் வந்தார்கள். வழக்கம்போல உட்காரவில்லை. நின்றார்கள்.

"அப்போ எங்களுக்குச் சொன்னதெல்லாம்?" என்று வாயாடி கேட்டாள்.

"அதுவும் அப்படித்தான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. அந்த மாத்திரை பத்திச் சொன்னது தப்பாத்தான் இருக்கும். திரைக்கு உள்ள நான் ஒண்ணும் பார்க்கல, டாக்டர் முதுகைத்தான் பார்த்தேன்."

வாயாடிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அடக்கியதும் கோபம் வந்தது. "எங்க அக்காகிட்டப் போன்ல சொல்லிட்டேன், மாத்திரையைத் தொடாதேன்னு. சம்சாரி சொன்னாங்கன்னு சொன்னேன். இப்ப என்னன்னு சொல்றது?"

"தப்புன்னு சொல்லு. ஆஸ்பத்திரியில கேக்கச் சொல்லு. இன்னைக்கே சொல்லு."

"நீங்க சும்மா இருந்திருக்கலாம்ல? தெரியாதுன்னு சொன்னா நாங்க என்ன அடிக்கவா போறோம்?"

தெரியாது என்றிருந்தால் நீங்கள் வந்திருக்கமாட்டீர்களே என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயாடி போனைத் தேடிக்கொண்டு போனாள். மற்றவர்கள் ஒவ்வொருத்தராக நழுவினார்கள். ஒல்லி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்போ என் வலி? கல்யாணம் ஆனா போயிடும்னீங்களே."

"எனக்குப் போகல" என்றாள் சம்சாரி. "எனக்கு இப்பவும் வலிக்குது. உன்கிட்ட அதையும் பொய்யாத்தான் சொன்னேன். டாக்டரம்மாகிட்டக் காட்டு. காலையில நானும் கூட வரேன்."

ஒல்லி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாம். நானே போயிக்கிறேன்."

மறுநாள் மெஸ்ஸில் சம்சாரிக்குப் பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. பேச்சு அந்தக் கோடி மேஜையில் நடந்தது. ஒல்லியை டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறாராம், கர்ப்பப்பையில் ஏதோ கட்டியா என்று பார்க்க. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று திட்டினாராம். வாயாடி சொல்லிக்கொண்டிருந்தது அரைகுறையாக இவள் காதில் விழுந்தது. இவளிடம் வந்து யாரும் சொல்லவில்லை.

போயிருக்கிறாள், காட்டியிருக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். தட்டில் இருந்ததை மென்று தின்ன ஆரம்பித்தாள். இன்றைக்கு யாரும் கூப்பிட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள், அவசரமாக எழுந்து போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.